பரிவட்டம் யார் தலைக்கு

மலையரசித் தேயிலைக் கம்பனியைத் தோட்டங்களோடு சேர்த்து வெளிநாட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து பசறை டவுனுக்குத் தூக்கம் போய்விட்டது. தேத்தண்ணியே குடிக்காதவன்கூட நாடே கைவிட்டுப் போனதுபோல் பேசினான்.

"எங்கட வாப்பா காலத்துல இருந்து குடிச்ச தேயில. அதையும் வித்துட்டாங்க. உங்களுக்குக் கவலையே இல்லையா அக்கா?" என்று கேட்டார் கடைக்கார நஸீர்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமிக்குக் கவலை இருந்தது. ஆனால் அது வேறு கவலை. கம்பனி நேற்றுவரை யாருடையது என்றே அவளிடம் எவரும் சொன்னதில்லை. அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் போஞ்சிக் காய் போட்டிருந்த துண்டு நிலத்தில், கம்பனி கைமாறிய மறுவாரமே அளந்து சிவப்புக் குச்சிகள் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "புதுக் கம்பனி ஓடர்" என்பதோடு பேச்சு முடிந்தது. புருஷன் போன பிறகு மூன்று பிள்ளைகளின் பாதி வயிறு அந்தத் துண்டால்தான் நிறைந்தது. உட்கார்ந்தால் எழ வேண்டும்போலவும், எழுந்தால் நடக்க வேண்டும்போலவும் இருந்தது அவளுக்கு. கொழுந்து பறிக்கிற நேரத்திலேயே இரண்டு தடவை ஓடிப்போய்க் குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மிச்சமிருந்த ஒரே வழி திருவிழாதான். மாரியம்மன் சந்நிதியில் தோட்டத்தை நடத்தும் தொரைக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் துணி தலையில் இருக்கும்வரை, கேட்டதை அவர் மறுக்கக்கூடாது. வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்தே வந்த வழக்கம். தண்ணீர்க் குழாயும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவும் அப்படிக் கேட்டு வாங்கியவைதான்.

"அண்ணே, இந்த வருசம் நான் கேக்குறேன்" என்று கோயில் கமிட்டித் தலைவர் முருகையாவிடம் சொல்லிவைத்தாள்.

"கேளு தாயி. வர்றவரு யாருன்னுதான் தெரியல."

திருவிழாவன்று யாரும் வரவில்லை. ஆபீஸ் கிளாக்கர் ஜெயரூபன்தான் சிலேட்டு அளவுக்கு ஒரு பெரிய போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். அதற்குள்ளே கோட்டுப் போட்ட புதுத் தொரை சிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ.

முருகையா பரிவட்டத் துணியோடு திருதிருவென்று விழித்தார். தலை இருந்தது, கட்டத்தான் இடமில்லை. மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்துப் போனார்கள். கடைசியில் துணியைப் போனின் மேல்விளிம்பில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார் மனுஷன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. துணி நழுவுவதற்குள் கேட்டாக வேண்டும்.

"தொரை, இருவத்திரெண்டு வருசமா இந்தத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன். லயத்துக்குப் பின்னால இருக்குற துண்ட மட்டும் விட்டுருங்க. போஞ்சி காய்ச்சு நிக்கிது."

ஜெயரூபன் அதை இங்கிலீசில் சொன்னான். உள்ளே இருந்தவர் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார்.

"என்ன தம்பி சொல்றாரு?"

"நீங்க யாருன்னு கேக்குறாருக்கா."

இருபத்திரண்டு வருடமும் அவளுக்குள் ஒரேயடியாகக் கொதித்தது.

"அவரு வாங்கினதுல நானும் ஒருத்தின்னு சொல்லுங்க தம்பி" என்றாள்.