மறுபடியும் வரச் சொன்னார்கள்

பரிசோதனைக்கு மறுபடியும் வரச் சொல்லி நர்ஸிடமிருந்து போன் வந்தபோது அவள் இஸ்திரி மேசையருகே நின்றிருந்தாள். கையிலிருந்த போர்வையை மடித்து, அடுத்ததை விரித்து, அதையும் மடித்து முடித்தாள்.

"அன்னிக்கு எடுத்த சாம்பிள் சரியா இல்லையாம்" என்றாள் கடைசியில்.

கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஓரகத்தி. அதே சலவைக்கூடத்தில் துணி பிரிப்பவள். வீட்டிலும் வேலையிலும் அவளுக்குக் கெடுபிடி என்றே பெயர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்கிற அந்தப் பரிசோதனைக்கு, பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியவளும் அவள்தான்.

"சரி, இன்னொரு தடவை போயிட்டு வா."

"போகமாட்டேன்க்கா."

ஊர்ப்பட்ட துணிகளின் கறையை எடுக்கிறவள் அவள். தன்னிடம் ஏதோ அழுக்கிருந்துதான் திருப்பிவிட்டார்கள் என்ற எண்ணம் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"என்னக்கா குறை வச்சேன்?" என்றாள் திடீரென்று. "உள்ள வரைக்கும் சோப்புத் தண்ணி விட்டு, அதுவும் போதாதுன்னு கிருமி மருந்து கலந்து, நல்லா அலசிட்டுத்தான் போனேன்."

கெடுபிடி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடிப்பாவி. அவங்க எடுக்க வேண்டியதையே கழுவி விட்டுட்டுப் போயிருக்கே. அப்படிக் கழுவக் கூடாதுடி. உன்னை யாரு அங்கயும் வேலை பார்க்கச் சொன்னது?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் பாதி கரைந்தது. மீதிப் பாதியோடு மறுபடியும் போனாள்.

இந்தத் தடவை சாம்பிளில் சில செல்கள் மாறியிருப்பது தெரிந்தது.

"இது புற்றுநோய் இல்லம்மா" என்றாள் நர்ஸ். "கவனிக்காம விட்டா, வருஷங்கள் கழிச்சு அப்படி ஆகலாம். நல்லவேளை வந்தீங்க."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. உடலுறவு வழியா நிறையப் பேருக்கு வந்து, தானா போயிடற வைரஸ்தான். சிலருக்குப் போகாம தங்கிடும். சிகரெட் பிடிக்கறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அந்த ஆபத்து ஜாஸ்தி. யார்கிட்டேர்ந்து, எப்பன்னு தோண்டாதீங்க. பல வருஷமா சத்தமில்லாம இருந்திருக்கும்."

பெரிய டாக்டர் சிறு துண்டெடுத்துச் சோதித்து, பிறகு ஒரு நாள் மாறியிருந்த இடத்தை மட்டும் நீக்கினார். அன்று மாலையே வீட்டுக்கு நடந்து வந்தாள். அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்றார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, இருவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு. அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. வெகுநேரம் வார்த்தை தேடினாள்.

"அன்னிக்கு நீங்க சிரிக்காம திட்டியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்க்கா."

கெடுபிடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்" என்றாள் மெல்ல. "ஒருத்தியும் போகல. நீ போனே."

அவள் ஓரகத்தியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் கெடுபிடி உதறியிருப்பாள்.