‘சரி’ சொல்லும் வரை

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பட்டறையில் அந்த வாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃப்ரீசருக்குள், அவனைக் கொல்லப் பார்த்த மீன் படுத்திருந்தது. மீன் என்று சொல்வதுகூட நியாயமில்லை. மீன் பாவம், தன் வேலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கொல்லப் பார்த்தவர் அத்தான். ஆனால் அத்தானை ஃப்ரீசரில் வைக்க அக்கா சம்மதிக்கமாட்டாள்.

ஆள் நீளச் சூரை. வாலை மடக்கி, தலையைச் சாய்த்து, பஸ்ஸில் இடம் கிடைக்காதவன் மாதிரி அடைந்து கிடந்தது. ஃப்ரீசர் ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரருடையது. பழுது பார்த்து முடித்தாகிவிட்டது. அவர் காலையும் மாலையும் போன் செய்தார். "பார்ட்ஸ் வரலைங்க" என்று மெக்கானிக் பொய் சொன்னான். அவன் தொழிலில் எல்லோரும் சொல்கிற பொய்தான் அது. ஆனால் வேறொருவர் பெருமைக்காக அதைச் சொல்வது இதுவே முதல் தடவை.

"ஒரு நாளைக்குத்தான் மச்சான்" என்று சொல்லித்தான் அத்தான் அதைக் கொண்டுவந்து வைத்தார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல இதோட கண்ணை மட்டும்தான் வைக்க முடியும்."

அத்தான் ஆயுள் காப்பீட்டு முகவர். மனித உயிர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதை ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லுகிறவர். இப்போது வாடிக்கையாளர்களைப் பட்டறைக்கே அழைத்துவர ஆரம்பித்திருந்தார். கழற்றிப் போட்ட கம்ப்ரஸர்களையும் செம்புக் குழாய்ச் சுருள்களையும் தாண்டி அவர்களைக் கூட்டிவந்து, ஃப்ரீசர் மூடியை மெல்லத் திறப்பார். பனிப்புகை எழும். அது அடங்கும் வரை காத்திருப்பார். பிறகு தொடங்குவார்.

"நடுக்கடல். நான் தனியா."

"தனியாவா?"

"கூட இவன் இருந்தான்" என்று மெக்கானிக்கைக் கம்ப்ரஸர்களோடு சேர்த்துக் காட்டுவார்.

ஒரு வாடிக்கையாளர் மரியாதைக்காகத் திரும்பி, "நீங்களும் மீன் பிடிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றான் மெக்கானிக். "நான் மூழ்குவேன்."

அவர் சிரித்தார். அத்தானும் சிரித்தார். மூடியை மூடும்போது மெக்கானிக்கின் விரல் நசுங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

சின்னப் படகில் போய், காற்று உருளை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில் மூழ்கி, ரப்பர் இழுத்துப் பூட்டிய ஈட்டித் துப்பாக்கியால் பெரிய மீனைக் குத்துகிறவர்களுக்கு விதிகள் அதிகம் கிடையாது. பெரிய விதி ஒன்றுதான். ஒருவன் கீழே போனால் இன்னொருவன் மேலே மிதந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே வந்த பிறகும் கண்ணை எடுக்கக்கூடாது. மூச்சடக்கியவனுக்கு மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வருவதில்லை. மேலே வந்து, வெயிலைப் பார்த்து, அப்பாடா என்று நினைக்கிற நேரத்தில்தான் வரும். அதனால் அவன் மூச்சு வாங்கி, வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லும் வரை காவல். கட்டை விரலைக் காட்டினால் போதாது. தலையாட்டினாலும் போதாது, மயங்குகிறவனும் தலையாட்டுவான்.

இந்த விதியைப் படகின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தவரே அத்தான்தான். எழுதினார்கள். ‘சரி சொல்லும் வரை காவல்.’ பளிச்சென்று இன்னும் இருக்கிறது. அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் அத்தான் சூரையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் ‘காவல்’ என்ற சொல்லை அவர் முதுகு மறைத்திருந்தது.

அன்று நடந்தது இதுதான். மெக்கானிக் கீழே போனான். சூரை வந்தது, ஈட்டிக்கு எட்டாத தூரத்தில் ஒரு வட்டம் போட்டது, போய்விட்டது. அவனும் திரும்பி மேலே ஏறினான். அதே சூரை அவனுக்கு முன்னால் மேலே போய் அத்தானைச் சந்தித்தது. அத்தான் குத்தினார். ஈட்டி பாய்ந்தது, மீன் பறந்தது, ஈட்டியில் கட்டிய கயிறு பறந்தது, கயிற்றில் கட்டிய மிதவை பறந்தது, மிதவைக்குப் பின்னால் அத்தான் பறந்தார். காவலுக்கு மிஞ்சியது கடல் மட்டும்.

மெக்கானிக்குக்குத் தெரிந்தது, தலைக்கு மேலே பச்சை வெளிச்சம் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அடுத்து அவனுக்குத் தெரிந்தது, படகுத் தரையில் கன்னம் அழுந்தியிருந்ததும், மூக்கில் பெட்ரோல் வாடை அடித்ததும். நடுவில் எதுவும் இல்லை. வெட்டி ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை.

படகோட்டிக்கு நங்கூரம் என்று பெயர், உட்கார்ந்தால் எழமாட்டார் என்பதால். அன்று எழுந்திருக்கிறார். படகைத் திருப்பி, முகம் கவிழ்ந்து மிதந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி, ஆழத்துக்கு இறங்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பெல்ட்டைக் கழற்றிக் கடலில் விட்டு, உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார். அவன் கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைகள், "எழுந்திரு தம்பி, உங்க அத்தான் பெரிய மீனைக் குத்திட்டாரு. கயிறு இழுக்க ஆள் வேணும்."

அவன் இழுத்தான். வாந்தி எடுத்துக்கொண்டே இழுத்தான். தன்னை நினைத்து அவன் பல்லைக் கடிக்கிற இடம் அதுதான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். ‘உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்டா.’ மன்னிப்புகூட வேண்டாம். அதைக் கேட்க அத்தான் வீட்டுக்குப் போனான். புது சோபா, வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு ஹாலில் இருந்தது. உட்கார்ந்தால் சறுக்கும்.

"அத்தான், நான் மேல வரும்போது நீங்க இல்ல."

"எங்க போயிட்டேன்? அதே கடல்லதானே இருந்தேன்?"

"நான் மயங்கிட்டேன்."

"அப்படியா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மயங்கினவனுக்கு எப்படி அத்தான் ஞாபகம் இருக்கும்?"

"பாத்தியா. உனக்கே ஞாபகம் இல்ல. இப்படி ஒரு கேஸ் எங்க ஆபீசுக்கு வந்தா டீ வர்றதுக்குள்ள ஃபைலை மூடிருவோம்."

"என் பெல்ட் கடலுக்கடியில கிடக்கு!"

"கவனமில்லாம கழட்டி விட்டுட்டே. அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா? பெருந்தன்மையா விட்டுட்டேன்ல?"

சோபாவிலிருந்து சறுக்கியபடியே அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுடா. உயிரோடதானே இருக்கே" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் எந்தப் புகாரையும் தள்ளுபடி செய்ய அந்த ஒரு காரணம் போதும். செத்துப்போய் வந்து சொல்லியிருந்தால் ஒருவேளை விசாரித்திருப்பார்கள்.

நங்கூரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். அவர் மூக்கைச் சொறிந்தார். "படகுல பாதி உன்னுது, பாதி அவருது. நான் எந்தப் பாதியில நின்னு தம்பி சாட்சி சொல்ல?"

அடுத்த ஞாயிறு அவன் மறுபடி அதே படகில் ஏறியதைக் கேள்விப்பட்டவர்கள் அவனுக்கு ரோஷமே இல்லை என்றார்கள். ரோஷத்தால்தான் ஏறினான்.

"இன்னிக்கு நான் மூழ்கப் போறதில்ல" என்று அத்தானிடம் சொன்னான். "காவல் மட்டும்தான்."

"ஏன்டா?"

"காவல்னா என்னன்னு உங்களுக்கு ஒருத்தராவது காட்டணும்."

அத்தானின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா நங்கூரம்? மச்சான்னா இப்படி இருக்கணும்."

மெக்கானிக் நீச்சல் கண்ணாடியை எடுத்தான். ஆவி படியாமலிருக்க அதற்குள் எச்சில் துப்பித் தேய்த்தான், கொஞ்சம் அதிகமாகவே.

கடல் தெளிவாக இருந்தது. அத்தான் மூழ்கினார், வந்தார், மூழ்கினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமாகப் போனார். நடுவில் இளைப்பாற வேண்டிய நேரத்தில் வாய் ஓயாமல் பேசினார். "மூச்சை நல்லா வாங்கிட்டுப் போங்க அத்தான்" என்று இவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். "என் மூச்சு எனக்குத் தெரியும்டா" என்று சொல்லி, அதற்கும் கொஞ்சம் மூச்சைச் செலவழித்துவிட்டு, அவர் கடைசித் தடவை கீழே போனார்.

அப்போதுதான் கொப்பரன் மீன் வந்தது. வாள் மூக்கும் நீல முதுகுமாக, அவசரமே இல்லாமல், மேலே மிதந்தவனுக்கும் கீழே கிடந்தவருக்கும் நடுவே நுழைந்தது. இதோடு ஒப்பிட்டால், ஃப்ரீசரில் கிடந்த சூரை கடையில் இலவசமாகக் கொடுக்கிற சாம்பிள் பொட்டலம். மெக்கானிக்கின் கையில் ரப்பர் பூட்டிய துப்பாக்கி இருந்தது. கை தானாக உயர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே உயர்ந்தது. ஈட்டியின் முனையும் மீனின் விலாவும் ஒரே கோட்டில் வந்துவிட்டன.

அந்தக் கோட்டின் ஓரத்தில் அத்தான் மேலே வந்துகொண்டிருந்தார். கால்கள் மெதுவாக அடித்தன. பிறகு இன்னும் மெதுவாக.

அவன் துப்பாக்கியைக் கைவிட்டான். கொப்பரன் ஒற்றைக் கண்ணால் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வேலை இருப்பதுபோல் போய்விட்டது.

அத்தான் மேலே வந்தார். அரை மூச்சு வாங்கினார். கட்டை விரலைக் காட்டினார். தலையாட்டினார். விதி தெரியாதவனாக இருந்தால் அத்தோடு திரும்பியிருப்பான். இவன் அந்த வாயையே பார்த்தான். உதடு நீலமானது. கண் எங்கோ ஒரு தூரத்துப் பாலிசிதாரரைப் பார்த்தது. முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்தது.

தாடையைத் தாங்கித் தூக்கினான். கண்ணாடியைப் பிடுங்கினான். ஈயப் பெல்ட்டின் கொக்கியைத் தட்டிவிட்டான், அது போயிற்று. முகத்தில் ஊதினான், கன்னத்தில் தட்டினான். "மூச்சு விடுங்க அத்தான்! அத்தான், மூச்சு! அக்கா கேப்பா அத்தான், மூச்சு விடுங்க!" அந்த நேரத்தில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெல்ட்டோடு சேர்ந்து அதுவும் அடியில் போய்விட்டது போல.

அத்தான் இருமினார். கண்ணைத் திறந்தார்.

"மீன் எங்கடா?"

கோபம் மேலே வந்துவிட்டது.

"முதல்ல ‘சரி’ன்னு சொல்லுங்க."

"கொப்பரன்டா! என் மூக்குக்கு முன்னாடி போச்சு! குத்தினியா?"

"சரின்னு சொல்லுங்க அத்தான்."

"பக்கத்துலதானே இருந்தே? கையில கன் இருந்துச்சுல்ல?"

"நீங்க மயங்கிட்டீங்க."

"நானா? நான் எதுக்கு மயங்கணும்?"

இருவரும் படகைப் பார்த்தார்கள். நங்கூரம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் பரவசத்தில் இருந்தது. "நான் மீனைப் பாத்துட்டிருந்தேன் தம்பி. அடேயப்பா, என்ன மீன்!"

சாயங்காலம் அத்தான் வீட்டு ஹால் நிறைந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து, சறுக்கி, மறுபடி உட்கார்ந்தார்கள். கிடைக்காத மீனின் நீளத்தை அத்தான் கைகளால் காட்டினார், கை போதாமல் ஜன்னலையும் சேர்த்துக்கொண்டார்.

"கையில வந்து விழுந்ததை விட்டுட்டான். என்னத்தைச் சொல்ல. என் பெல்ட்டை வேற தொலைச்சுட்டான்."

உச்சுக்கொட்டல்கள். ஒருவர் மெக்கானிக்கின் தோளில் தட்டி, "பயந்துட்டியா?" என்று பரிவோடு கேட்டார். அவன் நசுங்கிய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா சமையலறை வாசலுக்கு வந்தாள். "யார் பெல்ட்டு?"

"என்னுது."

"உங்க இடுப்புல இருந்த பெல்ட்டை அவன் எப்படித் தொலைச்சான்?"

"கழட்டி விட்டுட்டான்மா. நடுக்கடல்ல."

"கழட்டும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மீனின் நீளம் காட்டிய கைகளை அத்தான் மெல்ல இறக்கினார்.

"சொல்லுங்க. ஒருத்தன் உங்க இடுப்புல கை வெச்சு பெல்ட்டை அவுக்கறான். நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"அது... ஞாபகம் இல்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. ஹாலில் ஒரு சறுக்கல் சத்தம்கூட இல்லை. அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உன் பெல்ட்டும் இப்படித்தான் போச்சாடா?"

அவன் ஆமென்று தலையை அசைத்தான். அக்கா கையிலிருந்த துணியை இறுக்கிப் பிழிந்தாள். அதில் ஈரமே இல்லை.

இப்போதாவது அந்த ஒரு வாக்கியம் வரும் என்று அவன் காத்திருந்தான். அத்தான் தொண்டையைச் செருமினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அதை விடுங்க. அந்தக் கொப்பரன் மட்டும் கிடைச்சிருந்தா..."

மெக்கானிக் வெளியே போனான்.

பட்டறையிலிருந்து அத்தான் வீடு இரண்டு தெரு. ஃப்ரிட்ஜ் ஏற்றுகிற தள்ளுவண்டியில் சூரையைப் போட்டு, வாலை வெளியே நீட்டிக்கொண்டு, அவன் தள்ளிவருவதை இரண்டு தெருவும் பார்த்தது. ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு வழியிலேயே போன் போட்டு, "பார்ட்ஸ் வந்துருச்சுங்க, எடுத்துக்கங்க" என்றான்.

ஹாலில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். மீனை இரு கையாலும் தூக்கி, சோபாவில், அத்தானுக்குப் பக்கத்தில் கிடத்தினான். பிளாஸ்டிக் உறை முனகியது. பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. சூரை வாயைப் பிளந்தபடி அத்தானைப் பார்த்தது.

"என்னடா இது?"

"உங்க முறை அத்தான். காவல். அது வாயைத் திறந்து ‘சரி’ன்னு சொல்ற வரைக்கும் நகரக்கூடாது."

"பைத்தியமா உனக்கு?" அத்தான் எழப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள் அக்கா. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, தானும் உட்கார்ந்தாள். அத்தான் வாசலைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார், விருந்தாளிகள் செருப்பைத் தேடினார்கள்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் அக்கா. "கண்ணை எடுக்காதீங்க."