ஆறு மணிக்கு மேல் காற்றுக்கு அனுமதி இல்லை

எங்கள் ஊருக்குக் கடல்காற்று பஸ்ஸில்தான் வரும். மத்தியானம் கடலூரில் ஏறி, சாயங்காலம் ஆறரை வாக்கில் பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்கும். இறங்கி நேரே ஆண்கள் விடுதிக்குப் போகும். ராத்திரி கடைசி பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பிவிடும்.

இதில் காற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெண்கள் விடுதியின் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். பூட்டின கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க அதற்கென்ன தலையெழுத்தா?

என் வகுப்பு ரகுவரன் ஆண்கள் விடுதிக்காரன். கேன்டீனில் வேண்டுமென்றே என் காதில் விழுகிற மாதிரி சொல்வான். "நேத்து போர்வை பத்தலடா. ஜன்னல சாத்திட்டுத்தான் தூங்கினேன்." கத்திரி வெயிலில் பேசுகிற பேச்சா இது? எங்கள் அறை மூன்றாவது மாடி. மேலே மொட்டைத் தளம். பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை ராத்திரி சுவர் எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். நாங்கள் தரையில் தண்ணீர் ஊற்றி, ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கவிட்டு, மெஸ்ஸில் மோர் என்று கொடுப்பதைச் சொம்பு சொம்பாகக் குடித்து உயிர் வாழ்ந்தோம். ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றிப் பரிமாறியது.

அந்தப் புதன்கிழமை, உச்சிவெயிலில் தேர்வு முடிந்து நடந்துவந்த லோசனி மாடிப்படியில் சரிந்தாள். லோசனி என் அறைத்தோழி. கடலூர் துறைமுகத்துப் பெண். அவளை நிழலில் கிடத்தி, காலைத் தூக்கிவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். சுகாதார மைய சிஸ்டர் வந்து உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வாயாகக் கொடுத்தார்.

"வேர்வை வருது, பேச்சு தெளிவா இருக்கு. பயப்பட வேணாம். ஆனா ராத்திரிக்குள்ள உடம்பு குளிரணும். பேச்சு குழறினாலோ வேர்வை நின்னாலோ ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க, ஆம்புலன்ஸ்."

எப்படிக் குளிரும்? அறை இட்லிக் குண்டான் மாதிரி இருந்தது. நான் கீழே கேட்டுக்கு ஓடினேன்.

பஸ் வந்து நின்றது. டீக்கடைத் தார்ப்பாய் ஒருமுறை எழும்பி அடங்கியது. இறங்கிவிட்டது! கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி, "இங்க வாங்க, இங்க!" என்று கத்தினேன். காற்று தயங்கி, ரோட்டைக் கடந்து, கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. என் துப்பட்டா உள்பக்கமாகப் பறந்தது. மூன்று மாடி ஜன்னல்களிலும் பெண்கள் விசிலடித்தார்கள்.

"விசிட்டர் டைம் முடிஞ்சுதும்மா" என்றார் வாட்ச்மேன் ஏகாம்பரம்.

"அண்ணா, மேல ஒருத்தி மயங்கிக் கெடக்கறா."

"நான் என்னம்மா பண்றது? மேடத்தக் கேளு."

வார்டன் புஷ்பராணி மேடம் விடைத்தாளால் விசிறிக்கொண்டே வந்தார். காற்றை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு இது? ஆம்பளையா, பொம்பளையா?"

"காத்து, மேடம்."

"முன்ன பின்ன தெரியாத ஆளுங்கள எல்லாம் உள்ள விட முடியாது தாட்சாயணி."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்ப வெயில மட்டும் யாரைக் கேட்டு மேடம் விட்டீங்க? காலையிலேர்ந்து உள்ளதான் இருக்கு. மாடி வரைக்கும் போச்சு. பாத்ரூம் வரைக்கும் போச்சு. இன்னும் வெளிய போகல. அதுக்கு மட்டும் கேட் இல்லையா?"

"அது ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடுதும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். விசிட்டராக வந்தால்தானே ஆறு மணி? விடுதியில் இருக்கிற மாணவி தாமதமாக வந்தால் காரணம் கேட்டுவிட்டு உள்ளே விடவேண்டும். தாமதமாக வந்தே எனக்கு அந்த விதி மனப்பாடம்.

"எங்க ரூம்ல மூணாவது கட்டில் காலியா இருக்கு. அதுல சேத்துக்குங்க மேடம். இவ லேட்டா வந்திருக்கா. பஸ் லேட்டு."

மேடம் விசிறுவதை நிறுத்தினார். "சேக்கணும்னா தெரிஞ்சவங்க யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்."

மேலே ஜன்னலில் லோசனியின் முகம் தெரிந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். "எங்க ஊருப் பொண்ணுதான் மேடம். எங்க வீட்டுக் கொடியில துணி காயவைக்கறது அவதான். நல்ல பொண்ணு."

"சரி. ஆனா விதியெல்லாம் இதுக்கும் உண்டு, சொல்லிட்டேன்."

கேட் திறந்தது. அடடா, அந்த நிமிஷத்தை என்ன சொல்ல! கதவுகள் வரிசையாக அடித்துக்கொண்டன. காய்ந்த நைட்டிகளெல்லாம் கொடியை விட்டுக் கிளம்பித் தாழ்வாரத்தில் ஓடின. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பெண்கள் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். காற்று எங்கள் அறைக்கு வந்து லோசனியின் ஈரத்துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, "தயிர்சாதம் இருக்கா?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரகுவரன் கேட்டுக்கு வெளியே வேர்த்து வழிந்துகொண்டு நின்றான். "ஒரு மணி நேரம் மட்டும் அனுப்பு தாட்சா. பசங்க பாவம்."

"விசிட்டர் டைம் முடிஞ்சுது தம்பி" என்றேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அது இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. காற்று இப்போது விடுதி மாணவி. ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. கடலுக்குப் போய்க் குளிர்ந்து வர முடியாது. வெள்ளிக்கிழமை அது கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தது. கிட்டே போனால் சுட்டது. லோசனிக்கு மறுபடி தலை சுற்றியது, கால் இழுத்துக்கொண்டது. சிஸ்டரை மறுபடி கூப்பிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம்.

மேடத்திடம் போய்ச் சண்டை போட்டேன். "பூட்டி வெச்சா யாருமே இப்படித்தான் ஆவோம் மேடம். காத்தும் ஆகும், நாங்களும் ஆவோம். ராத்திரி கேட்டைத் தொறந்து வைங்க."

"ஒரு பொண்ண ராத்திரி வெளிய விடணும்னா பெத்தவங்க நேர்ல வந்து சொல்லணும்."

லோசனி அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் விடிகாலை படகில் போகும்போது கடலிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

பார்வையாளர் அறையில் உட்கார்ந்தது. மற்ற பெற்றோர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். மேடம் முழங்கால் தண்ணீரில் நின்று விவரம் சொன்னார்.

"உங்க பொண்ணு ஒழுங்கான பொண்ணுதான். ஆனா ராத்திரி வெளிய போகணுங்குது."

கடல் கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்தது. "போகட்டுங்க. போயிட்டு வர்ற பிள்ளைங்க அது. நான் எதையும் பூட்டி வளத்ததில்ல."

"நீங்க சொல்லிடுவீங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் எப்படி விடறது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் கதவோரம் காத்திருந்தது இதற்குத்தான். "அப்ப எல்லாரையும் விடுங்க மேடம்!"

தண்ணீர் மேடத்தின் இடுப்பு வரை ஏறியது. அவர் பதறவில்லை, யோசித்தார். பிறகு சாவியை எடுத்து ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுத்தார். "தொறந்தே இருக்கட்டும்."

விடுதியே கூச்சல் போட்டது. காற்று மூன்று மாடியும் ஒரே மூச்சில் இறங்கி வந்து கடலின் மடியில் விழுந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் எண்பது பேரும் சேர்ந்து ரோட்டில் நடந்து, டீக்கடையில் உட்கார்ந்து, ஆறு மணி போவதைப் பார்த்தோம்.

கடலையும் காற்றையும் பஸ் ஏற்றிவிட லோசனி போனாள். கடல் ஜன்னலோரம் கேட்டதாம், கண்டக்டர் கொடுத்துவிட்டாராம். எட்டு மணிக்கு மேல் தெளிந்த முகத்தோடு, பாவாடை நனைய, திறந்த கேட் வழியாக வந்தாள். இடுப்பில் ஒரு சின்ன அலையைத் தூக்கி வைத்திருந்தாள்.

"காத்தோட தம்பி. லீவுக்குப் பத்து நாள் இங்க இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்காங்க."

வாளியில் விட்டோம். ராத்திரியெல்லாம் உள்ளேயே வந்து வந்து போனது. காலையில் நான் எழுந்து போனபோது, லோசனி குழாயடியில் உட்கார்ந்து அதற்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.