பதினொரு மணிக்குள்

யூனியன்வில்லில், தன் முன்னாள் மனைவி பிரதீபாவின் வீட்டு வாசலில், எஞ்சினை ஓடவிட்டபடி இரத்தினவேல் காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மணி ஒன்பது ஐந்து. பக்கத்தில் பதினான்கு வயது மகள் யதுஷா. பின் சீட்டில் இரண்டு சோடி ஸ்னோஷூ, பனியில் கால் புதையாமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் கட்டுகிற அகலத் தட்டுகள்.

"அப்பா, போவம். லேட் ஆகுது."

"பத்தரை மட்டும் ராகுகாலம். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது."

"நீங்க வீட்டிலயிருந்து முதலே வெளிக்கிட்டாச்சுத்தானே?"

"அது உன்னை ஏத்த வந்தது. மலைக்குப் போறது வேறை."

இந்த மனுசனோடு யார் வாதாடுவது? பிள்ளை யாரிடம் என்று கோர்ட்டில் தீர்ப்பான அன்று ராகுகாலத்தில் வீட்டை விட்டு இறங்கியதால்தான் தோற்றுப்போனேன் என்று ஐந்து வருடமாக நம்புகிறவன். அதற்கு முன் இரண்டு தவணைக்கு அவன் போகவேயில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டான்.

சனிக்கிழமைதான் மகளோடு அவனுக்குக் கிடைத்த ஒரே நாள். அதுவும் இனி அவள் விருப்பம், வேண்டாமென்றால் வேண்டாம் என்று பிரதீபா போன மாதம் சொல்லிவிட்டாள். மலைக்குப் போகலாமா என்று யதுஷா வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. இன்றைக்குச் சொதப்பினால் எல்லாம் முடிந்தது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலை ஒன்றே முக்கால் மணி நேரம் வடக்கே. குளிர்காலத்தில் மேலே போகும் கார்ப் பாதையை மூடிவிடுவார்கள். அடிவாரத்தில் முப்பது கார் நிற்கலாம், அதற்கும் முன்கூட்டியே பதிய வேண்டும். காலைக்குப் பதிந்தவர் பதினொரு மணிக்குள் நுழையாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பதிந்ததே அவன்தான். கலியாண வீட்டுக்கே இரண்டு மணி நேரம் பிந்திப் போகிற சனம் நாங்கள், ஒரு பார்க்கிங்குக்குப் பிந்தினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்துவிட்டான்.

வழியெல்லாம் பனியில் ஊர்ந்து, பன்னிரண்டு ஐம்பதுக்கு அடிவாரம் வந்தார்கள். வாசலில் நின்ற பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினாள். இடம் போய்விட்டது. ரோட்டோரம் விட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள் என்றாள். இரத்தினவேல் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு மகளைக் காட்டி மறுபடியும் கெஞ்சினான். பார்க்கவே வெட்கமாக இருந்தது.

யதுஷா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி ஃபோனை நீட்டினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், கார் நம்பரைப் பார்த்தாள், சிரித்தாள். ஒரு மணிக்கு இதே காருக்கு இன்னொரு இடம் பதிந்திருந்தது. பெயர் மரியோ. பிரதீபாவோடு இப்போது சேர்ந்து வாழ்கிறவன்.

காரை நிறுத்திய பிறகும் இரத்தினவேலுக்கு ஸ்டியரிங்கை விட்டுக் கை எழும்பவில்லை.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்க டைமுக்கு வருவீங்கள் எண்டு நான் மரியோவோட ஆர்கியூ பண்ணினனான். அவர்தான் ஜஸ்ட் இன் கேஸ் எண்டு போட்டுத் தந்தவர்."

அவனுக்கு மரியோ மீது கோபப்படக்கூட வழியில்லை. இறங்கிக் குனிந்து அவளுடைய ஸ்னோஷூவைக் கட்டப் போனான். வார் எந்தப் பக்கம் வருமென்று தெரியவில்லை. அவளே கட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.

அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக ஒன்றரை மணி நேரம் நடந்தார்கள். திரும்பி வந்து காரில் ஏறியதும் அவன் மெல்லக் கேட்டான்.

"அடுத்த சனியும் வருவமே, பிள்ளை?"

யதுஷா கையுறையைக் கழற்றினாள்.

"எல்லாச் சனியும் ஒன்பதிலயிருந்து பத்தரை மட்டும் ராகுகாலமா, அப்பா?"

"ஓம்."

"அப்ப வேண்டாம்."