பொக்சிலின் கால் அளவு

எங்கள் தீவின் கரையில் நின்றால் வடகொரியா கண்ணுக்கு எதிரே தெரியும். என் வீட்டுக்காரர் தோக்சு பிறந்தது அங்கேதான். போர் நடந்த குளிர்காலத்தில், பதினான்கு வயதில், அப்பாவோடு படகேறி இக்கரைக்கு வந்தார். "மூணே நாள்ல வந்துடுவேன்" என்று ஒன்பது வயதுத் தங்கை பொக்சிலிடம் சொல்லிவிட்டு வந்தவர். அறுபத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

அக்கரை ஒலிபெருக்கி எங்களைத் திட்டித் தீர்க்கும்போது ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். இந்த மனுஷர் மட்டும் கரையில் போய் உட்கார்ந்து கேட்பார்.

"அந்தப் பொம்பள பேசுறது எங்க ஊர்ப் பேச்சுடி. பொக்சிலாக்கூட இருக்கும்."

"ஆமா, எழுபத்தாறு வயசுக் கிழவிகிட்டதான் மைக்கைக் கொடுப்பாங்க. எந்திரிச்சு வாங்க, சோறு ஆறுது."

அறுவடைத் திருநாளில் முன்னோருக்குப் படைக்கும்போது தங்கைக்கென்று ஒரு கிண்ணம் வைக்க விடமாட்டார். "உயிரோட இருக்கறவளுக்குப் படையலா?" என்று எரிந்து விழுவார்.

போன வருஷம் இங்கே ஆட்சி மாறியது. இந்த வசந்தத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கினார்கள், ஒலிபெருக்கிகளைக் கழற்றினார்கள். பிரிந்த குடும்பங்கள் சந்திக்கக் குலுக்கல் போட்டதில் இவர் பெயரும் வந்தது. அக்கரையில் உறவுகளை விசாரித்துப் பதில் அனுப்புவார்களாம். அதுவரை பொறுக்கவில்லை இவருக்கு. தங்கைக்குப் பஞ்சு வைத்த குளிர்காலச் செருப்பு வாங்கியே ஆக வேண்டும் என்றார்.

"கால் அளவு தெரியாம எப்படிங்க வாங்குறது?"

"உன் அளவுக்கே வாங்கு. வயசான காலு, கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

கோடையில் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். பொக்சில், ஒன்பது வயது, இறந்துவிட்டாள். இவர் படகேறிய இரண்டாவது மாதமே.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தத் தலைவர்கள் சமாதானம் பேசாமலே இருந்திருந்தால், அவள் இன்னும் எங்கள் வீட்டில் உயிரோடு இருந்திருப்பாள்.

அவர் அழவில்லை. பெட்டியைத் திறந்து அந்தச் செருப்பை வெளியே எடுத்தார்.

"வருஷா வருஷம் நான்தான்டி அவளுக்கு வயசு ஏத்திக்கிட்டே வந்திருக்கேன்."

"விடுங்க."

"திருநாளுக்கு அவளுக்கும் ஒரு கிண்ணம் வை. இந்தச் செருப்பு அவளுக்குப் பெருசு. மாத்திட்டு வா."

மறுநாள் சந்தைக்குப் போனேன். கடைக்காரி பெட்டியை வாங்கிக்கொண்டு, சின்னச் செருப்புகளை எடுத்துப் பரப்பினாள்.

"யாருக்கும்மா, பேத்திக்கா?"

"இல்ல, என் நாத்தனாருக்கு" என்றேன்.