பழைய கர்னல்

காலை எட்டு நாற்பதுக்கு லேப்டாப்பைத் திறந்தபோது, திரைக்குக் கீழே ஒட்டியிருந்த கண் கேமராவில் சிவப்புப் புள்ளி எரியவில்லை. முந்திரி அதை விரலால் ஒரு தட்டு தட்டினாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பக்கத்து ஓட்டையில் செருகிப் பார்த்தாள். லேப்டாப் என்னவோ ஜம்மென்றுதான் இருந்தது. படம் வந்தது, மணி காட்டியது, பேட்டரி நிறைந்திருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டது. கேமரா மட்டும் செத்துக் கிடந்தது.

கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே சாய்ந்தபடி அவள் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பது ஒன்றுதான் அவரால் முடியும். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும் நோய் அவருக்கு. முதலில் கை, பிறகு கால், போன வருடம் நாக்கு. இப்போது கண்ணும் இமையும்தான் மிச்சம். மூச்சும் மெல்ல மெல்லக் கையை விரித்துக்கொண்டிருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர். கை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, வரப்போவதைத் தெரிந்துகொண்டு, இந்த லேப்டாப்பைத் தயார் செய்து வைத்துவிட்டார். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா கண்டுபிடிக்கும். வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் பேசும், அவருடைய குரலிலேயே. நாக்கு போவதற்கு முன் உட்கார்ந்து பதிவு செய்த குரல். லேப்டாப்பை ஓட்டும் லினக்ஸில் அந்தக் கேமராவை இயக்கும் டிரைவர் என்ற நிரல் கிடையாது என்றபோது அதையும் அவரே எழுதினார். "விண்டோஸ் பூட்டின வீடு. லினக்ஸ்னா நாமளே சுவரை இடிச்சுக் கட்டிக்கலாம்" என்பார்.

கட்டியவர் இப்போது கட்டிலில். அந்த இயந்திரத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஒரே ஆள், அந்த இயந்திரம் இல்லாமல் வாய் திறக்க முடியாத ஆள்.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்று பதினொரு மணிக்கு டாக்டரம்மா வருகிறார். தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக் குழாய் வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று இன்ஜினியர் தன் வாயால் சொல்ல வேண்டும். வேண்டுமென்றால் நாளைக் காலை ஏழு மணிக்கு அறுவை. வேண்டாமென்றால் இன்னும் சில வாரங்கள், அவ்வளவுதான். என்ன சொல்லப் போகிறார் என்று மூன்று வாரமாக முந்திரி கேட்டுப் பார்த்துவிட்டாள். "அன்னைக்குச் சொல்றேன்" என்று லேப்டாப் அவர் குரலில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

முந்திரி என்பது அவர் வைத்த பெயர். யார் எதைச் சொல்ல வந்தாலும் பாதியிலேயே பிடுங்கி முடித்து வைப்பது அவள் பிறவிக்குணம். கல்யாணமான முதல் வாரமே, "நீ சரியான முந்திரிக்கொட்டை" என்றார். அதில் பாதி தேய்ந்து பெயராக நின்றுவிட்டது.

அவள் இன்ஜினியரின் பழைய ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டாள். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் என்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர். ஆறாவது தடவை எடுத்தார்.

"வீடு தீப்பிடிச்சிருந்தாத் தவிர என்னை எழுப்பக் கூடாது தங்கச்சி."

"அண்ணே, கண் கேமரா எரியலை. பதினோரு மணிக்கு டாக்டர் வராங்க."

அந்தப் பக்கம் தூக்கம் கலைந்தது தெரிந்தது. "சரி. ஒயர்?"

"பிடுங்கிப் போட்டாச்சு, ரெண்டு தடவை."

"கறுப்புத் திரை ஒண்ணைத் திறங்க. நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன், அதை மட்டும் அடிங்க. நீங்களா எதையும் சேர்க்காதீங்க."

அடித்தாள். பட்டியல் ஓடியது. ஆந்தை கேட்ட பெயர் ஐந்தாவது வரியில் இருந்தது.

"அப்போ கேமரா சாகலை. கம்ப்யூட்டருக்கு அது வந்து நிக்கிறது தெரியுது, அதுகூட எப்படிப் பேசறதுன்னுதான் தெரியலை. டிரைவர் ஏறலை. எதாவது அப்டேட் பண்ணினீங்களா?"

முந்திரி கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தானாவே ஆகியிருக்கும்."

"ஆமா, கர்னல் மாறியிருக்கும். அதுதான் லினக்ஸோட அடிமனை. இவன் எழுதின டிரைவர் பழைய கர்னலுக்கு அளவெடுத்துத் தைச்சது. புதுசுல ஏறாது. பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷ வேலை. பழைய கர்னலும் உள்ளேயேதான் இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது மெனு வரும், பழசைத் தேர்ந்தெடுங்க."

அவள் ஆஃப் செய்து ஆன் செய்தாள். மெனு வந்தது.

"எத்தனை வரி இருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணா? நல்லாப் பாருங்க தங்கச்சி. பழசு ரெண்டு மூணாவது இருக்கணுமே. அதெல்லாம் எங்க போச்சு?"

"தெரியலையே அண்ணே."

கட்டிலிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஆனாலும் முதுகில் அவர் பார்வை ஊர்ந்தது. முந்திரி திரும்பினாள். அவர் கண்கள் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகைக்குப் போய் வந்தன. லேப்டாப் இல்லாத நேரத்துக்கான பலகை. அவள் விரலை எழுத்து எழுத்தாக ஓட்டுவாள், சரியான இடத்தில் அவர் ஒரு தடவை இமைப்பார். இல்லையென்றால் கண்ணை இறுக மூடுவார்.

பலகையை எடுத்து விரலை ஓட்டினாள். நே. த். து.

அவ்வளவுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவர் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்டேட் செய்யச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி பத்து நாளாகத் திரையின் ஓரத்தில் நின்று கடைசி வரிசை எழுத்துகளை மறைத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அவள் சரி சொல்லிவிட்டாள். லேப்டாப் ஒரு முறை அணைந்து எழுந்தது. பிறகு, பழைய கர்னல்கள் மூன்று இருக்கின்றன, இடத்தை அடைக்கின்றன, நீக்கலாமா என்று கேட்டது. முந்திரி வேலை பார்ப்பது சலவைக் கடையில். மூன்று மாதம் கேட்க ஆளில்லாத துணியை மூட்டை கட்டி அனுப்புவது அங்கே அவள் பொறுப்பு. பழசு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கை பரபரத்தது. மூன்றுக்கும் டிக் போட்டு நீக்கினாள்.

"நான்தாங்க" என்றாள். "மூணையும் நான்தான் தூக்கினேன். பழசுன்னு போட்டிருந்துச்சு."

போனில் ஆந்தை பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் புயல் மாதிரி கேட்டது. இன்ஜினியர் மறுபடி பலகையைப் பார்த்தார். அவள் பயந்துகொண்டே விரலை ஓட்டினாள். ச. ல. வை.

அதற்கு மேல் அவர் இமைக்கவில்லை. வாயோரம் இழுபடத் தசை இல்லாவிட்டாலும் கண் சிரித்தது. அது அவளுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சரி, அழுது என்ன ஆகப்போகுது" என்றார் ஆந்தை. "டிரைவரைப் புதுக் கர்னலுக்கு மறுபடி கட்டணும். இவன் எழுதின மூல நிரல் உள்ளே இருக்கும். நான் சொல்றதை அடிங்க. பாஸ்வேர்டு கேக்கும்."

"தெரியும். அடிச்சுட்டேன்."

"எனக்கும் சொல்லி வைங்க, பின்னாடி உதவும்."

"சொல்ல மாட்டேன் அண்ணே. அது எங்கம்மாவுக்கு இவர் ரகசியமா வெச்சிருக்கிற பேர்."

"மகாராணியா?"

"ஆபீஸ் பூராவும் தெரியுமா?" என்று அவள் கட்டிலைப் பார்த்தாள். இன்ஜினியர் ஒரு தடவை இமைத்தார்.

கட்டும் வேலை தொடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஓடி, சட்டென்று நின்று, சிவப்பில் ஒரு வரி துப்பின.

சிவப்பு என்று அவள் சொன்னதும், "எரர்" என்றார் ஆந்தை. "வாசிங்க." வாசித்தாள். "ம்... இது இவன் கைப்பட எழுதின இடம் தங்கச்சி. ஒரு மாதிரி மந்திரம் மாதிரி எழுதி வெச்சிருக்கான். எனக்கே பிடிபடலை. அவனையே கேளுங்க."

லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவர் சிவப்பு வரியைப் படித்தார். பிறகு பலகையைப் பார்த்தார். ஆனால் பலகையில் இருப்பது தமிழ் எழுத்து, வேண்டியதோ ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியும். முந்திரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் இருபத்தாறு எழுத்தையும் எழுதினாள். தெரிந்த குறிகளையெல்லாம் கீழே போட்டாள்.

ஒரு எழுத்துக்கு அரை நிமிடம். நாலு எழுத்து வந்ததும் அவள் மனசு மிச்சத்தை ஊகித்துவிட்டது, விரல் அதை அடித்தும்விட்டது. அவர் கண்ணை இறுக மூடினார். அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.

முதல் சிவப்பு வரி பத்து இருபத்தைந்துக்குப் போனது. அதற்குப் பதிலாக இரண்டு வந்தன. அவற்றில் ஒன்று போனபோது மணி பத்து ஐம்பது. மறுபடி கட்டினார்கள். திரை முழுக்கச் சிவப்பு.

"எத்தனை?" என்றார் ஆந்தை.

"பதினொண்ணு."

"தங்கச்சி, எனக்கு இன்னைக்குன்னு பார்த்துப் பகல்ல ஒரு மீட்டிங் இருக்கு, தப்பிக்க முடியாது. முடிஞ்சா சாயங்காலம் கூப்பிடறேன்."

அவர் போனை வைப்பதற்கும் வாசல் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

டாக்டரம்மாவோடு இன்ஜினியரின் அண்ணனும் வந்திருந்தார். முந்திரிக்குப் பெரியத்தான். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின் வேலை செய்யலை" என்றாள் முந்திரி. "பலகையில கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

"அது ஆகாதும்மா" என்றார் டாக்டரம்மா, மெதுவாகத்தான்.

ஏன் என்று அவளுக்கே தெரியும். போன தடவை லேப்டாப் கையில் இல்லாததால் அவள்தான் பலகை பிடித்தாள். அவர் இரண்டு எழுத்து இமைப்பதற்குள் மூன்று வாக்கியத்தை அவளே முடித்துவிட்டாள். பெரியத்தான் அப்போதே கேட்டார், "இது என் தம்பி பேச்சா, இவ பேச்சா?" என்று. டாக்டரம்மா அதைக் கோப்பில் எழுதிவிட்டார். மெஷின் பேசலாம், இல்லையென்றால் வெளியாள் பலகை பிடிக்கலாம். மனைவி கூடாது.

"நானே பிடிக்கிறேன்" என்று டாக்டரம்மா பலகையை வாங்கிக்கொண்டார். "நீங்க அந்த ஓரமா இருங்க. ஒரு சைகையும் காட்டக் கூடாது."

டாக்டரம்மாவின் விரல் நத்தை மாதிரி நகர்ந்தது. எந்த வரிசையில் எந்த எழுத்து என்று அவருக்கே தேட வேண்டியிருந்தது. இன்ஜினியர் இமைத்ததை இரண்டு தடவை கவனிக்காமல் தாண்டிப் போனார். இன்ஜினியர் கண்ணை மூடித் திறந்து, பொறுமையாக மறுபடி முதலிலிருந்து வந்தார். முந்திரி சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

வே. ணு. ம்.

பெரியத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவுதான், சொல்லிட்டான். எழுதிக்குங்க டாக்டர்."

ஆனால் இன்ஜினியர் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மா மறுபடி விரலை வைத்தார். ஆ. னா.

ஆனா. அதோடு நின்றது. காலையிலிருந்து சிவப்பு வரிகளைப் படித்துப் படித்து அவர் கண்கள் ரத்தமாகச் சிவந்து, நீர் வழிந்து, இமை தானாக விழுந்தது. டாக்டரம்மா கால் மணி நேரம் காத்திருந்தார். இமைத்தால் அது பதிலா, களைப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மாவுக்கு வேறு ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"வேணும்னு இருக்கு. நாளைக்கு ஏழு மணி. இன்னைக்கு எழுதலைன்னா அடுத்த இடம் கிடைக்க மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் இவர் மூச்சு தாங்காது" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனா என்பதையும் பக்கத்தில் சின்னதாக எழுதினார். அதற்கென்று அந்தத் தாளில் இடம் இல்லை.

அவர்கள் போனபோது மணி பன்னிரண்டே கால். இன்ஜினியர் கண் விழித்தபோது ஒன்று ஆகியிருந்தது. முந்திரி ஈரத்துணியால் இமையைத் துடைத்துவிட்டுப் பலகையை எடுத்தாள்.

"ஆனான்னு சொன்னீங்களே. ஆனா என்ன?"

ஒவ்வொரு எழுத்தையும் நோட்டில் எழுதினாள். பே. ச. மு. டி. கி. ற. வ. ரை. க். கு. ம். கொஞ்சம் ஓய்வு. பிறகு, முடியாமல் போனால் எடுத்துவிடு என்று வந்தது. கடைசி எழுத்து வரை அவள் குறுக்கே போகவில்லை.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"குழாய் வெச்ச பிறகும் எடுக்கலாம்மா. ஆனா அதையும் அவரே சொல்லணும்" என்றார் அவர்.

"சொல்ல முடியாமப் போனா எடுக்கணும்னுதான் டாக்டர் சொல்றார்."

"சொல்ல முடியாதவர் அன்னைக்கு எப்படிம்மா சொல்லுவார்? குழாய் வைக்கிறதுக்கு முந்தியே பதிவாகணும். நான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறேன், வெளிய வர ராத்திரி ஆயிடும். காலையில ஏழுக்குள்ள மெஷின் பேசினா அதுல பதிவு பண்ணிக் கொண்டாங்க."

பெரியத்தானைக் கூப்பிட்டாள். நீங்க வந்து பலகை பிடிங்க, வெளியாள் கணக்கில் ஒத்துக்கொள்வார்கள் என்று கெஞ்சினாள்.

"வேணும்னு அவன் சொன்னதை என் கண்ணால பார்த்தேன்" என்றார் பெரியத்தான். "எனக்கு அவன் இருந்தாப் போதும். அதுக்கு மேல எதையும் நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்காதே."

ஆந்தையின் போன் அணைந்திருந்தது.

முந்திரி லேப்டாப்பை எடுத்து வந்து கட்டிலில் வைத்தாள். காலண்டர் தாளை நேராகப் பிடித்தாள். "முதல் வரியிலிருந்து போவோம். முதல் எழுத்து எது?" என்று விரலை வைத்தாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். நெஞ்சு மேலே ஏறுவதற்கு ஒவ்வொரு தடவையும் யோசித்தது.

எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்கு இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. திரையில் இருந்த பதினொரு சிவப்பு வரிகளையும் மேலிருந்து கீழே படித்தாள். ஒன்றும் புரியவில்லை. மறுபடி மேலிருந்து படித்தாள்.