பிரசவ வார்டுக்கு வந்த மாப்பிள்ளை

"அடுத்த மாநிலத்துக்கு எழுதிப் போடுங்க மாப்ளே. ஒரே ஒரு பரீட்சை, கையில லைசென்ஸ், வேலை முடிஞ்சுது!"

டாக்ஸியைச் சிக்னலில் நிறுத்திவிட்டு மச்சான் திரும்பிப் பார்த்தார். அறிவுரை சொல்லிக்கொண்டே ஓட்டினால்தான் அவர் வண்டி மைலேஜ் கொடுக்கும்.

பின் இருக்கையில் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். சொந்த நாட்டில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவன். இந்த நாட்டில் நர்ஸ் லைசென்ஸ் கிடைக்கும்வரை ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறான். லைசென்ஸை எந்த மாநிலத்தில் கேட்பது என்பதுதான் வீட்டில் நடக்கும் பட்டிமன்றம். அடுத்த மாநிலத்தில் பரீட்சை எழுதினால் போதும். இந்த மாநிலத்தில் பரீட்சையோடு, பிரசவ வார்டில் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் வேண்டும்.

அவனிடம் அது இல்லை. அவன் படித்த கல்லூரியில் பையன்களைப் பிரசவ வார்டுக்குள் விடமாட்டார்கள். பெண்கள் அங்கே போகும் நாட்களில் இவர்களை மனநல வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சான்றிதழில் 'பிரசவப் பயிற்சி' என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"நான் அங்க போயிட்டா உங்க தங்கச்சி?"

"அவ எங்க போயிடப் போறா? சனி ஞாயிறு வந்து பாருங்க. கல்யாணம் புதுசாவே இருக்கும்!"

மச்சான் சிரித்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி இப்போதுதான் பேக்கரியில் கேக் பிரிவுக்குப் பொறுப்பாளராகியிருக்கிறாள். மகள் இப்போதுதான் அழாமல் பள்ளிக்குள் போகிறாள். இருவரையும் கிளப்ப முடியாது. போனால் அவன் மட்டும்தான் போகவேண்டும்.

சாயங்காலம் மனைவி முடியில் மாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இங்கயே அந்தப் பயிற்சியை எடுத்தா என்னங்க?"

"நாலு மாசம் ஆகும். அங்கன்னா சீக்கிரம் கிடைச்சுடும்."

"சீக்கிரமா, இல்ல பயமா?"

அவன் சான்றிதழை எடுத்து நீட்டினான். "பாரு, எனக்குப் பொருந்தாதுன்னே போட்டிருக்கு."

"பிள்ளை பெக்கறதுதான் உங்களுக்குப் பொருந்தாது. பிரசவம் பாக்கறது ஏன் பொருந்தாது?"

அவன் சான்றிதழை மடித்து வைத்தான். பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். படிக்கிற காலத்தில் ஏதோ ஒரு ஃபைலைக் கொடுக்கப் பிரசவ வார்டுக்குள் தலையை நீட்டியிருக்கிறான். 'ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?' என்று தலைமை நர்ஸ் போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்ததாம்.

"அந்தம்மா இந்த ஆஸ்பத்திரியிலயா இருக்காங்க?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போய்க் கேளுங்க. மாட்டேன்னு சொன்னா நானே பெட்டி கட்டித் தரேன்."

மறுநாள் ஒரு கர்ப்பிணியைப் பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். வழக்கமாகக் கதவருகே ஒப்படைத்த கையோடு லிஃப்டை நோக்கி நடையைக் கட்டிவிடுவான். அன்று நின்றான். வார்டின் பொறுப்பு நர்ஸ் இடுப்பில் கை வைத்தபடி பார்த்தார். அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'மேஜர்' என்று பெயர்.

"மேடம், நான் ஊர்ல நர்ஸா இருந்தவன். லைசென்ஸுக்காக எனக்கு இங்க பயிற்சி வேணும். நான் ஆம்பளைங்கறதால..."

"ஆம்பளைதான். பாத்தாலே தெரியுதே! தினமும் வாசல்ல விட்டுட்டு ஓடறீங்க. எங்க வார்டைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதுன்னு இல்ல நெனச்சேன்?"

"நீங்க உள்ள விடமாட்டீங்கன்னு நான் நெனச்சேன் மேடம்."

"நல்லா நெனச்சோம் ரெண்டு பேரும்!"

பயிற்சிக்கு மேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு தாயிடமும் அவனே போய்ச் சம்மதம் கேட்கவேண்டும்.

முதல் நாள், முதல் அறை. உள்ளே இருந்தவள், "வேண்டாங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்தவனுக்கு அடுத்த மாநிலத்து ஞாபகம் வந்துவிட்டது.

"அவங்க இஷ்டம் அது. அடுத்த ரூமுக்குப் போங்க" என்றார் மேஜர்.

அடுத்த அறையில் இருந்தவளுக்கு வலி உச்சத்தில் இருந்தது. அவன் பாதி கேட்பதற்குள் அவள் கேட்டாள்: "உங்களுக்குக் கை இருக்கா?"

"இருக்குங்க."

"குடுங்க!"

கொடுத்த வலது கை திரும்பிவர வெகு நேரமாயிற்று. மிச்சமிருந்த இடது கையால் வியர்வையைத் துடைத்தான். மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தான். குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் கவனித்து மேஜருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு பெண் குழந்தை, வந்ததும் வராததுமாக எல்லாரையும் திட்டுவதுபோல வீறிட்டது.

மேஜர் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார். "என்ன, அழறீங்களா?"

"இல்ல மேடம். கை வலி."

அன்று மாலை வீங்கிய வலது கையை ஐஸ் பைக்குள் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். விண்ணப்பத்தை மனைவிதான் தட்டினாள். மச்சான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"எந்த மாநிலம்னு போடட்டும்?" என்றாள் அவள், தெரியாதவள்போல.

"இதே மாநிலம்தான். பயிற்சிச் சான்று பின்னால வரும்னு போட்டு அனுப்பிடு."

"நாலு மாசத்துக்குக் கை தாங்குமா மாப்ளே?" என்றார் மச்சான்.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அவள் கணவனின் கையை மெல்ல எடுத்துப் பார்த்தாள். முகத்தை நர்ஸ்போலவே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுங்க?"